எடுக்காமல் விடும் எண்ணெய்க்கு யார் காசு கொடுப்பது?

‘எண்ணெய் உற்பத்தியைக் குறைக்க ஓபெக் முடிவு’ என்று செய்தி வந்தால், பெட்ரோல் விலை எவ்வளவு ஏறும் என்றுதான் முதலில் யோசிப்போம். நியாயமான கவலைதான். ஆனால் அந்தச் செய்திக்குள் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. ஓபெக் என்பது எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பு. அந்த நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ‘எண்ணெய் இருக்கிறது, எடுக்க இயந்திரமும் ஆளும் இருக்கின்றன, வாங்கவும் ஆள் இருக்கிறது, இருந்தாலும் இவ்வளவை எடுக்க மாட்டோம்’ என்று ஒப்புக்கொள்கின்றன. பருவநிலை மாற்றத்தைத் தடுக்கப் போராடுகிறவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதையேதான்.

கிட்டத்தட்ட என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஓபெக் விலையைத் தூக்கி நிறுத்துவதற்காகக் கொஞ்ச காலம் உற்பத்தியைக் குறைக்கும். விலை தேறியதும் மறுபடி கூட்டிவிடும். போராடுகிறவர்களோ நிரந்தரமாக விட்டுவிடச் சொல்கிறார்கள். ஓபெக் செய்வதில் லாபம் வருகிறது. இவர்கள் கேட்பதைச் செய்தால் எண்ணெய் வைத்திருக்கும் நாட்டுக்கு வருமானம் போகும். அந்த நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும்? இந்தக் கேள்வியை உலகத்தைப் பார்த்து நேரடியாகவே கேட்ட நாடு ஈக்வடார். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், பூமத்திய ரேகை மேலேயே உட்கார்ந்திருக்கும் சின்ன நாடு. அதன் கதையைப் பிடித்துக்கொண்டு போனாலே இந்த விஷயத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஒரு பேரல் என்பது 159 லிட்டர். ஒரு பேரல் எண்ணெயை எரித்து முடித்தால் ஏறக்குறைய 430 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். உலகம் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 10 கோடி பேரல். நிலக்கரியும் எரிவாயுவும் தனிக் கணக்கு.

இதைக் குறைக்க இரண்டு பக்கமிருந்தும் வரலாம். எரிப்பதைக் குறைப்பது ஒரு பக்கம்: மின்சாரப் பேருந்து, சூரிய மின்தகடு, மெட்ரோ ரயில் எல்லாம் இதில் சேரும். எடுப்பதையே குறைப்பது மறுபக்கம்: புதிய கிணறு தோண்டாமல் இருப்பது, இருக்கும் கிணற்றை மூடுவது. ஐ.நா. பருவநிலைப் பேச்சுவார்த்தைகள் பல வருடங்கள் எரிப்பதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தன. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாலும் ‘எண்ணெய்’, ‘நிலக்கரி’ என்ற சொற்கள் கண்ணில் படாது. மது என்ற சொல்லே இல்லாத மதுவிலக்குச் சட்டம் மாதிரி.

அதே 2015இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு கணக்கு வந்தது. உலக வெப்பநிலை உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், 2050 வரை, கண்டுபிடிக்கப்பட்ட எண்ணெய் இருப்பில் மூன்றில் ஒரு பங்கையும், எரிவாயுவில் பாதியையும், நிலக்கரியில் 80 சதவீதத்துக்கு மேலும் தொடாமல் விட வேண்டும் என்றது அந்தக் கணக்கு. அதாவது, புதிதாகத் தேடுவது இருக்கட்டும், ஏற்கெனவே கையில் இருப்பதையே முழுதாக எடுக்க முடியாது. 2021இல் சர்வதேச எரிசக்தி முகமை இன்னும் ஒரு படி போய், 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் பாதையில் புதிய எண்ணெய் வயல்களுக்கு இடமே இல்லை என்றது. இதைச் சொன்னது சூழலியல் இயக்கம் எதுவும் இல்லை. எண்ணெய் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பணக்கார நாடுகள் 1974இல் உருவாக்கிய அமைப்பு அது.

சரி, விட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. யார் விடுவது?

குறைத்து எடுப்பது புது விஷயம் இல்லை

‘எண்ணெய் இருக்கும் நாடு அதை எடுக்காமல் விடுமா, நடக்கிற காரியமா?’ என்று கேட்பவர்கள் எண்ணெய் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸில் பெரிய எண்ணெய் வயல் ஒன்று கிடைத்தது. ஆளாளுக்குத் தோண்டினார்கள். விலை ஒரு பேரல் சில சென்ட்டுகள் என்ற அளவுக்கு விழுந்தது. 1931 ஆகஸ்டில் மாநில ஆளுநர் ராணுவச் சட்டம் போட்டு, படையை அனுப்பிக் கிணறுகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கிணறு எவ்வளவு எடுக்கலாம் என்று நிர்ணயிக்கும் வேலையை டெக்சாஸ் ரயில்வே ஆணையம் செய்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல பத்தாண்டுகள் அமெரிக்க எண்ணெய்ச் சந்தையின் கடிவாளம் அதன் கையில்தான் இருந்தது.

வெனிசுவேலாவின் ஹுவான் பாப்லோ பெரஸ் அல்ஃபோன்சோ 1948க்குப் பிறகு நாடு கடத்தப்பட்டு வாஷிங்டனில் இருந்த காலத்தில் இந்த ஆணையம் வேலை செய்யும் விதத்தைக் கூர்ந்து படித்தார். பிறகு நாடு திரும்பி எண்ணெய் அமைச்சரானார். டெக்சாஸ் தன் கிணறுகளுக்குச் செய்ததை எண்ணெய் நாடுகள் ஒன்றுசேர்ந்து செய்தால் என்ன என்பது அவர் யோசனை. 1960 ஆகஸ்டில் மேற்கத்திய எண்ணெய் நிறுவனங்கள் யாரையும் கேட்காமல் விலையைக் குறைத்தபோது வாய்ப்பு வந்தது. அடுத்த மாதமே பாக்தாதில் ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய 5 நாடுகள் கூடி ஓபெக்கைத் தொடங்கின. சவூதி தரப்பில் இதை முன்னின்று நடத்தியவர் அப்துல்லா தாரிகி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரஸ் அல்ஃபோன்சோவுக்கு விலை மட்டும் குறி இல்லை. ஒரு தடவைதான் எடுக்க முடியும் என்கிற பொருளை அவசர அவசரமாக அள்ளக்கூடாது, அடுத்த தலைமுறைக்கும் வைக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஓபெக்கின் தகப்பன்களில் ஒருவர் சிக்கனக்காரர் என்பது பலருக்குத் தெரியாது.

1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்ததும் சில மாதங்களில் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலர் பக்கம் போனதும் எல்லோரும் அறிந்த கதை. நாட்டுக்கு நாடு முறையான ஒதுக்கீடு வந்தது 1982இல். 2016இல் ரஷ்யா உள்ளிட்ட வெளி நாடுகளும் சேர்ந்து ‘ஓபெக் பிளஸ்’ ஆனது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கால் வண்டிகள் ஓடாமல் எண்ணெய் தேங்கியபோது, இந்த நாடுகள் ஒரு நாளைக்கு 97 லட்சம் பேரல் குறைப்பதென்று ஒப்புக்கொண்டன. அப்போதைய உலக உற்பத்தியில் அது பத்தில் ஒரு பங்கு அளவு. சில வாரப் பேச்சில் நடந்தது இது. ஒதுக்கீட்டை மீறி ரகசியமாகக் கூடுதலாக எடுத்து விற்கும் உறுப்பினர்கள் எப்போதும் உண்டு. அதைக் கண்காணிக்கவும் கணக்குக் கேட்கவும் ஒரு ஏற்பாடும் உண்டு.

ஆக, எண்ணெயைக் குறைத்து எடுப்பதற்கான சர்வதேச ஒத்துழைப்பு, அதற்கான அளவுகோல், பேச்சுவார்த்தைப் பழக்கம் எல்லாம் 60 வருடங்களுக்கு மேலாக இருக்கின்றன. எதற்காகக் குறைக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

யசுனி: பாதிப் பணம் கொடுங்கள், விட்டுவிடுகிறோம்

ஈக்வடாரின் அமேசான் காட்டில் 1967இல் எண்ணெய் கிடைத்தது. 1972இல் ஆண்டிஸ் மலையைத் தாண்டிக் கடற்கரைக்குக் குழாய் போட்டு ஏற்றுமதி தொடங்கினார்கள். முதல் பேரலை ராணுவ வண்டியில் ஏற்றித் தலைநகர் கீட்டோவின் தெருக்களில் ஊர்வலம் விட்டார்கள். வறுமை ஒழியப்போகிறது என்ற நம்பிக்கை. அடுத்த வருடமே நாடு ஓபெக்கில் சேர்ந்தது.

காட்டில் நடந்தது வேறு. பூமிக்குள்ளிருந்து எண்ணெய் தனியாக வராது; கூடவே உப்பும் ரசாயனமும் கலந்த நீர் வரும். அந்தக் காலத்தில் அதைத் திரும்ப ஆழத்துக்குள் செலுத்தாமல் ஓடைகளில் விட்டார்கள். கழிவு எண்ணெயை, அடியில் எந்தப் பூச்சும் இல்லாத மண் குழிகளில் தேக்கினார்கள். மழைக்காட்டில் மண் குழி எத்தனை நாள் நிரம்பாமல் இருக்கும்? இதற்காக 1993இல் தொடங்கிய வழக்கில் ஈக்வடார் நீதிமன்றம் 2011இல் பெரும் இழப்பீடு விதித்தது. அந்தத் தீர்ப்பே மோசடியாகப் பெறப்பட்டது என்று 2014இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அங்கே எண்ணெய் எடுத்த அமெரிக்க நிறுவனமும் ஈக்வடார் அரசும் மாறி மாறிப் பழி சொல்லிக்கொண்டிருக்க, ஓடைக்கரை மக்கள் கைக்கு அந்தப் பணம் வரவில்லை.

இந்த அனுபவம் பின்னால் இருந்ததால்தான் யசுனி பற்றி வேறு மாதிரி யோசிக்க முடிந்தது. யசுனி 1979இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா. பரப்பு ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர். மலையும் அமேசானும் பூமத்திய ரேகையும் சந்திக்கும் இடம் என்பதால் உயிர்வகை அடர்த்தி மலைக்க வைக்கும்: அங்கே ஒரே ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 600க்கும் மேற்பட்ட மர இனங்களை எண்ணியிருக்கிறார்கள். வாவோரானி பழங்குடியினரின் நிலம் அது. அவர்களுக்கு உறவான தகாயிரி, தரோமெனானே குழுக்கள் வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று காட்டின் உள்ளே ஒதுங்கி வாழ்கின்றன.

அந்தப் பூங்காவின் கிழக்கு மூலையில் இஷ்பிங்கோ, தம்போகோச்சா, திபுதினி என்று மூன்று வயல்கள். மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து ஐ.டி.டி. என்பார்கள். அரசுக் கணக்கில் 43ஆம் தொகுதி. உள்ளே சுமார் 84.6 கோடி பேரல் எண்ணெய்.

2007 ஜூனில் அதிபர் ரஃபேல் கொரேயா உலகத்துக்கு ஒரு பேரம் வைத்தார். யோசனைக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் அப்போதைய எரிசக்தி அமைச்சர் அல்பர்ட்டோ அகோஸ்டா. பேரம் இதுதான்: இந்த எண்ணெயை நாங்கள் என்றைக்கும் எடுக்க மாட்டோம். எடுத்தால் எங்களுக்கு வரக்கூடிய வருமானத்தில் பாதியை உலக நாடுகள் கொடுத்தால் போதும். மீதிப் பாதியை நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம். பிறகு கணக்குப் போட்டதில் அந்தப் பாதி 13 வருடங்களில் 360 கோடி டாலர் என்று வந்தது. காற்றில் கலக்காமல் தடுக்கப்படும் கரியமில வாயு சுமார் 40.7 கோடி டன்.

பணம் யார் கையில் போகும் என்ற சந்தேகம் வரக்கூடாது என்று 2010 ஆகஸ்டில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மேற்பார்வையில் ஓர் அறக்கட்டளை நிதி தொடங்கினார்கள். கொடுத்தவர்களுக்கு உத்தரவாதச் சான்றிதழ் உண்டு: பின்னால் ஏதாவது அரசு மனம் மாறித் தோண்டினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நிதியைக் காற்றாலை, நீர்மின்சாரம், காடு வளர்ப்பு போன்றவற்றில்தான் போடலாம். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லாத ஏற்பாடு.

இங்கே ஒரு வேடிக்கை. எண்ணெயை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன அதே 2007இல் தான் ஈக்வடார், 1992இல் விலகிய ஓபெக்கில் மறுபடி சேர்ந்தது. அந்த நவம்பரில் ரியாத்தில் நடந்த ஓபெக் உச்சி மாநாட்டில் கொரேயா இன்னொரு யோசனையை முன்வைத்தார்: ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பேரல் மீதும் சிறிய சூழல் வரி போடலாம், அந்தப் பணத்தை ஏழை நாடுகள் எண்ணெயிலிருந்து வெளியே வரச் செலவழிக்கலாம். பொருளியல் அறிஞர் ஹெர்மன் டேலி இதே யோசனையை 2001இல் வியன்னாவில் ஓபெக் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். ஓபெக் வரியை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக ரியாத் மாநாட்டில் சவூதி 30 கோடி டாலரும், குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் தலா 15 கோடியும் எரிசக்தி, சூழல் ஆராய்ச்சிக்குத் தருவதாக அறிவித்தன. எண்ணெயை எரித்துக்கொண்டே புகையைப் பிடித்து வைப்பது எப்படி என்கிற பக்கம்தான் அவர்களுக்கு ஆர்வம். குறைத்து எடுக்கத் தெரிந்த அமைப்புக்கு, அதை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த மனம் வரவில்லை.

வாங்குகிற நாடுகளும் ஒன்றும் செய்துவிடவில்லை. முதலில் காசு போட்ட அரசு சிலி. தொகை 1 லட்சம் டாலர். பெரிதும் நம்பியிருந்த ஜெர்மனியில் நாடாளுமன்றம் 2008இல் ஆதரவு தெரிவித்தது. ஆனால் 2010இல், அப்போதைய வளர்ச்சித் துறை அமைச்சர் டிர்க் நீபெல், ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்குப் பணம் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். நாளைக்கு மற்ற எண்ணெய் நாடுகளும் இதையே கேட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. அந்தப் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலகம் எண்ணெயைக் குறைத்தால் எங்களுக்கு வருமான இழப்பு, அதை ஈடுகட்ட வேண்டும் என்று சவூதி அரேபியா ஐ.நா. பேச்சுவார்த்தைகளில் 1990களிலிருந்தே கேட்டுவந்தது. ஆனால் காட்டைக் காப்பாற்ற ஏழை நாடு கேட்பதும் சவூதி கேட்பதும் ஒன்றா?

2013 ஆகஸ்ட் 15 அன்று கொரேயா தொலைக்காட்சியில் தோன்றித் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார். நிதியில் சேர்ந்திருந்தது 1.33 கோடி டாலர். கேட்டதில் அரை சதவீதம்கூட இல்லை. “உலகம் நம்மைக் கைவிட்டுவிட்டது” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு: தோண்டுவதற்கான மாற்றுத் திட்டத்தை அவர் அரசு ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் வைத்திருந்தது. அந்த வருடங்களில் எண்ணெயை முன்கூட்டியே விற்பதாகச் சொல்லிச் சீனாவிடம் பெரிய கடன்களும் வாங்கியிருந்தது. பணம் கொடுக்க யோசித்தவர்களுக்கு இதுவும் ஒரு சாக்காகப் போயிற்று.

கையெழுத்தும் தாளின் கனமும்

அரசுகள் விட்ட இடத்தில் மக்கள் பிடித்தார்கள். கொரேயா பேசி முடித்த சில நாட்களிலேயே மாணவர்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து ‘யசுனிடோஸ்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் நகரத்து இளைஞர்கள். ஈக்வடார் அரசியல் சாசனப்படி வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் பொது வாக்கெடுப்பு கேட்கலாம். அதாவது சுமார் 5.84 லட்சம் கையெழுத்து. அதே 2008 சாசனம் இயற்கைக்கே சட்ட உரிமை உண்டு என்று எழுதிவைத்த உலகின் முதல் சாசனமும்கூட.

பேருந்து நிலையம், சந்தை, கல்லூரி வாசல் என்று அலைந்து 2014 ஏப்ரலில் 7.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தேர்தல் ஆணையம் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்தது. படிவத் தாளின் அளவு சரியில்லை, கனம் சரியில்லை என்பதெல்லாம் சொல்லப்பட்ட காரணங்களில் அடக்கம். 2016இல் கிணறுகளிலிருந்து எண்ணெய் வரத் தொடங்கிவிட்டது.

வேறு ஆட்களாக இருந்தால் அத்தோடு கலைந்திருப்பார்கள். இவர்கள் ஒவ்வொரு நீதிமன்றமாக ஏறி இறங்கினார்கள். 2022இல் தேர்தல் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் அவர்கள் உரிமை பறிக்கப்பட்டதை ஏற்றது. 2023 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. கையெழுத்துக்கும் வாக்குப்பெட்டிக்கும் இடையே 9 வருடங்கள்.

இதற்கு நடுவே 2019இல் நடந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும். ஏப்ரலில், பாஸ்தாசா மாகாண வாவோரானிகள் தங்கள் நிலத்தை எண்ணெய் ஏலத்துக்கு விட அரசு முறைப்படி சம்மதம் வாங்கவில்லை என்று வழக்காடி வென்றார்கள். தலைமை தாங்கியவர் நெமோன்டே நென்கிமோ. அக்டோபரில், அரசு ஒரே இரவில் டீசல், பெட்ரோல் மானியத்தை நீக்கியது. எரிபொருள் மானியத்தை வெட்டுவது பருவநிலைக்கு நல்லது என்று பொருளியல் பாடம் சொல்லும். ஆனால் மலைக் கிராமத்து விவசாயிக்கு உருளைக்கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோகும் லாரி வாடகை அது. பழங்குடிகளின் பெரிய கூட்டமைப்பான கோனாயே முன்னின்று நாட்டையே முடக்கியது. இரண்டு வாரத்துக்குள் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது.

எண்ணெய் எடுப்பதை எதிர்த்தவர்களும் எண்ணெய் விலையை ஏற்றுவதை எதிர்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள். இதில் முரண் ஏதும் எனக்குத் தெரியவில்லை. சுமையை மேலே இருப்பவர்கள் மீது வைத்தால் கூட வருவார்கள், கீழே இருப்பவர்கள் மீது வைத்தால் சாலையை மறிப்பார்கள். பருவநிலைக் கொள்கை எழுதுகிறவர்கள் இதை மறந்துவிட்டு ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 20. அதிபர் தேர்தலோடு சேர்த்து வாக்கெடுப்பு. 11 நாட்களுக்கு முன்புதான் ஒரு வேட்பாளர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாடு பதற்றத்தில் இருந்தது. எண்ணெயை எடுக்காவிட்டால் 20 வருடங்களில் 1,380 கோடி டாலர் போய்விடும் என்று அரசு எண்ணெய் நிறுவனம் எச்சரித்தது. சீட்டில் இருந்த கேள்வி ஒன்றுதான்: 43ஆம் தொகுதி எண்ணெயைக் காலவரையின்றி மண்ணுக்கடியிலேயே வைத்திருக்க நீங்கள் சம்மதிக்கிறீர்களா? ஏறக்குறைய 59 சதவீதம் பேர், 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஆம் என்றார்கள்.

இதைக் கொண்டாடும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எண்ணெய் எடுக்கப்படும் ஒரெல்லானா, சுகும்பியோஸ் மாகாணங்களில் ‘இல்லை’தான் வென்றது. தொகுதியை ஒட்டிய சில பழங்குடி ஊர்களே எண்ணெய் நிறுவனம் இருக்கட்டும் என்றன. பள்ளிக்கூடம், மருத்துவர், படகு எல்லாம் அந்த நிறுவனம் வழியாகத்தான் வருகிறது. அரசு செய்ய வேண்டியதை நிறுவனம் செய்துகொண்டிருக்கும் ஊரில், நிறுவனத்தைப் போகச் சொல் என்று கீட்டோவிலிருந்து சொல்வது சுலபம்.

நீ விட்டால் நான் எடுப்பேன்

யசுனி எண்ணெய் முழுதும், 84.6 கோடி பேரல், உலகத்துக்கு எத்தனை நாள் காணும்? எட்டரை நாள். இதைச் சொல்லிக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. அதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது: ஈக்வடார் ஒரு பேரலை விட்டால், விலை கொஞ்சம் ஏறும், அந்த விலையில் வேறொரு நாடு கூடுதலாக எடுக்கும். காட்டைக் காப்பாற்றிய புண்ணியம் உனக்கு, காசு இன்னொருவனுக்கு. இந்தக் கசிவு உண்மை. ஆனால் முழுப் பேரலும் ஈடாகிவிடுவதில்லை. ஏறிய விலையில் வாங்குவதும் சற்றுக் குறையும் என்பதால் ஒரு பங்கு மிச்சமாகவே செய்கிறது. எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வுகள் வேறுபடும். கசிவை அடைக்க ஒரே வழி, பல நாடுகள் சேர்ந்து விடுவது. ஓபெக் 1960இல் கண்டுபிடித்த அதே உண்மை.

அப்படிச் சேர்வதற்கான முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டின்போது டென்மார்க்கும் கோஸ்டாரிகாவும் ‘எண்ணெய், எரிவாயுவுக்கு அப்பால்’ என்ற கூட்டணியைத் தொடங்கின. டென்மார்க் அதற்கு முந்தைய வருடமே புதிய உரிமங்களை நிறுத்தி, 2050இல் உற்பத்தியை முடிப்பதென்று முடிவு செய்திருந்தது. வனுவாட்டு, துவாலு போன்ற தீவு நாடுகள், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் மாதிரி புதைபடிவ எரிபொருளுக்கும் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. கடல் வாசலுக்கு வந்துவிட்டவர்களின் அவசரம் அது. 2023 டிசம்பரில் கொலம்பியாவும் அந்தக் கோரிக்கையில் சேர்ந்தது. எண்ணெயும் நிலக்கரியும் ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாடு சேர்ந்ததுதான் இதில் பெரிய செய்தி.

அதே மாதம் துபாயில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்குத் தலைவர், அபுதாபி அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். மாநாடு நடக்கும்போதே ஓபெக் பொதுச் செயலாளர், புதைபடிவ எரிபொருளைக் குறிவைக்கும் எந்த வாசகத்தையும் ஏற்காதீர்கள் என்று உறுப்பு நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். இத்தனைக்கும் நடுவில், புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்ற வரி முதல் முறையாகத் தீர்மானத்தில் ஏறியது. எப்போது, யார் முதலில், யார் செலவில் என்பதெல்லாம் அதில் இல்லை. 2025 பெலெம் மாநாட்டிலும் அதற்கான வழித்திட்டம் தீர்மானத்தில் இடம்பெறவில்லை.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதில் பலதும் பழக்கமானதாக இருக்கும். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை, ஏற்கெனவே இருப்பவை தொடரலாம். அந்தப் பந்தலில் கரியமில வாயு பற்றிய பேச்சு அதிகம் கேட்கவில்லை. நிலத்தடி நீரும் நெல்லும்தான் பேச்சு. ஈக்வடாரிலும் மக்கள் 40.7 கோடி டன் என்ற கணக்குக்கு வாக்களித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. காட்டுக்கும் அதில் இருப்பவர்களுக்கும் வாக்களித்தார்கள். டன் கணக்கு அலுவலகங்களுக்கு வேண்டும். ஆட்களைத் தெருவுக்குக் கொண்டுவருவது ஊர்ப்பெயர்தான்.

கிணற்றை மூடுவது

வென்ற பிறகுதான் கஷ்டமான வேலை. 43ஆம் தொகுதியில் அப்போது ஒரு நாளைக்கு 55,000 பேரலுக்குச் சற்று மேல் வந்துகொண்டிருந்தது; நாட்டின் உற்பத்தியில் 12 சதவீதம் அளவு. அங்கே கிடைப்பது தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் இலேசான கெட்டி எண்ணெய். எண்ணெயைவிட அதிகமாக உப்புநீர் கூடவே வரும். அதைப் பிரித்து மறுபடி ஆழத்துக்குள் செலுத்த வேண்டும். செலவு அதிகம், விலை குறைவு.

கிணற்றை மூடுவது என்றால் வால்வைத் திருகிவிட்டு வீட்டுக்குப் போவது இல்லை. அடியில் இறக்கிய மின்பம்பையும் குழாய்களையும் வெளியே இழுக்க வேண்டும். எண்ணெயும் நீரும் தங்கும் பாறை அடுக்குகளுக்கு நேராகச் சிமெண்ட் இறக்கி அடைக்க வேண்டும். மேல்வாயை வெட்டி மூடி போட வேண்டும். பிறகு சாலை, குழாய், கட்டடம் எல்லாவற்றையும் அகற்றி மண்ணைச் சீராக்க வேண்டும். இப்படி 240க்கும் மேற்பட்ட கிணறுகள்.

நீதிமன்றம் கொடுத்த அவகாசம் ஒரு வருடம். 2024 ஜனவரியில் புதிய அதிபர் டேனியல் நொபோவா, போதைக் கும்பல்களோடு சண்டை நடக்கும் நேரத்தில் இந்த வருமானத்தை விட முடியாது, தள்ளிப்போடலாம் என்றார். கெடு முடியும் ஆகஸ்டு மாதக் கடைசியில் முதல் கிணறு மூடப்பட்டது. எல்லாவற்றையும் மூட 2029 இறுதி வரை ஆகும் என்கிறது அரசின் திட்டம். அதுவரை மற்ற கிணறுகளிலிருந்து எண்ணெய் வரும், விற்கப்படும். 2025 மார்ச்சில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், தகாயிரி, தரோமெனானே மக்களின் உரிமைகளை ஈக்வடார் மீறியிருக்கிறது என்ற தீர்ப்பை வெளியிட்டு, வாக்கெடுப்பு முடிவை நிறைவேற்றவும் சொன்னது.

மூடும் வேலையை மேற்பார்க்க 2024இல் அரசு அமைத்த குழுவில் இருப்பவை அமைச்சகங்கள். வாவோரானி அமைப்புகள் அந்தக் குழுவில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டன.